லாசன் பார்க்கின் இரண்டு நாய்கள்

ஷெர்லக் ஹோம்ஸ் வாசகர்களுக்கு அறிமுகமான முதல் நாவலிலேயே ஒரு நாய் பரிசோதனையில் சாகிறது. 1887-இல் வெளிவந்த ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’ அது. இரண்டாவதாகக் கொல்லப்பட்டவனின் அறையில், சன்னல் விளிம்பில், ஒரு சின்னக் களிம்பு டப்பா கிடைக்கிறது. உள்ளே இரண்டு மாத்திரைகள். வெகுநாளாக நோயில் கிடந்து இழுத்துக்கொண்டிருக்கும் டெரியர் ஒன்றைக் கீழ்த்தளத்திலிருந்து தூக்கிவரச் சொல்கிறார் ஹோம்ஸ். நண்பர் வாட்சன் தூக்கிவந்து கிடத்துகிறார். ஒரு மாத்திரையை இரண்டாக வெட்டிப் பாதியைத் தண்ணீரில் கரைத்து, பால் கலந்து வைக்கிறார்கள். நாய் நக்கிக் குடிக்கிறது, ஒன்றும் ஆகவில்லை. ஹோம்ஸ் உதட்டைக் கடிக்கிறார், மேசையில் விரலால் தட்டுகிறார். பிறகு அடுத்த மாத்திரை. நாக்கு நனைந்ததோ இல்லையோ, உடல் முழுக்க வெட்டி இழுத்து நாய் விறைத்துப்போகிறது. ஹோம்ஸ் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொள்கிறார். அவருடைய ஊகம் சரியாகிவிட்டது.

அந்த டெரியருக்குக் கதையில் பெயர் கிடையாது. அதன் வலியைத் தீர்த்துவிடும்படி வீட்டுக்காரம்மாள் முந்தின நாளே வாட்சனிடம் கேட்டிருந்தார் என்று ஆசிரியர் டாயில் ஒரு வாக்கியம் சேர்த்துவிடுகிறார். அதனால் வாசகருக்கு உறுத்தல் இல்லை. கதை அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது. விலங்குப் பரிசோதனை செய்வதற்கு உரிமம் வேண்டும் என்ற சட்டம் பிரிட்டனில் 1876-இலேயே வந்துவிட்டிருந்தது. நாவலில் யாருக்கும் அந்த நினைப்பே வருவதில்லை.

இதை ஒரு தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. 1892-இல் வந்த ‘சில்வர் பிளேஸ்’ கதையில் பந்தயக் குதிரையின் தசைநாரை வெட்டத் திட்டமிடுகிறவன் முதலில் ஆடுகளின் கால்களில் வெட்டிப் பழகிப் பார்க்கிறான். சில ஆடுகள் நொண்டுகின்றன என்ற தகவல்தான் ஹோம்ஸுக்குத் துப்பு. 1923-இல் வந்த ‘தி க்ரீப்பிங் மேன்’ கதையில் குரங்கின் சீரத்தை ஊசியாக ஏற்றிக்கொண்ட பேராசிரியரை அவருடைய சொந்த நாயே பாய்ந்து கடிக்கிறது. ஹோம்ஸின் இன்னொரு நாவலில் பாஸ்கர்வில்லின் வேட்டை நாயின் முகத்தில் பாஸ்பரஸ் பூசப்பட்டிருக்கிறது. கொலை மர்மக் கதையில் நாய் சாட்சியாக வரும், ஆயுதமாக வரும், சோதனைத் தட்டாகவும் வரும். அதற்கு என்ன நடந்தது என்பது வழக்கில் சேராது. துப்பறிபவரும் ஆய்வாளரும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே புத்தி உள்ளவர்கள்: உடல் தங்களுக்குச் செய்தி சொன்னால் போதும் அவர்களுக்கு.

ரிச்சர்ட் ஆடம்ஸ் 1977-இல் எழுதிய ‘தி பிளேக் டாக்ஸ்’ நாவலை நான் இந்த வரிசையில் வைத்துத்தான் வாசிக்கிறேன். வழக்கமாக அதை விலங்குக் கதை என்பார்கள், 1972-இல் முயல்களை வைத்து ‘வாட்டர்ஷிப் டவுன்’ எழுதிப் பெரும்புகழ் பெற்றவரின் பிந்தைய முயற்சி என்பார்கள். அப்படி வாசித்தால் அது நீளமான, சீரற்ற, கோபம் மிகுந்த புத்தகம். குற்றக்கதையாக வாசித்தால் அதன் எலும்புக்கூடு தெரிகிறது. அதில் மரணங்கள் உண்டு, சந்தேகத்துக்கு ஆளானவர்கள் உண்டு, துப்புத் துலக்கும் பத்திரிகையாளர் உண்டு, தேடுதல் வேட்டை உண்டு. கடைசியில் ஒரு உண்மை வெளிப்படுவதும் உண்டு. ஆனால் இங்கே தேடப்படும் குற்றவாளிகள் இரண்டு நாய்கள். அவற்றின் மனதுக்குள் உட்கார்ந்துகொண்டுதான் நாம் கதையைப் பார்க்கிறோம். அந்த டெரியருக்குக் கிடைக்காத கணக்கு இங்கே தீர்க்கப்படுகிறதா என்பதுதான் என் கேள்வி.

கதை இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில், கோனிஸ்டன் ஏரிக்குக் கிழக்கே மலைமேல் உள்ள லாசன் பார்க்கில் தொடங்குகிறது. அங்கே ஒரு விலங்கு ஆய்வு நிலையம் இருப்பதாக ஆடம்ஸ் கற்பனை செய்கிறார். இடம் உண்மை, நிலையம் கற்பனை. ஆனால் தாம் விவரிக்கும் பரிசோதனை ஒவ்வொன்றும் எங்கோ ஓரிடத்தில் உண்மையில் விலங்குகள்மேல் நடத்தப்பட்டதுதான் என்று முன்னுரையில் உறுதி சொல்கிறார். முதல் காட்சி ஒரு தண்ணீர்த் தொட்டி. 732 என்ற எண் கொண்ட ரௌஃப், பெரிய கறுப்புக் கலப்பின நாய், அதற்குள் நீந்திக்கொண்டிருக்கிறது. ஏறி வெளியே வர வழி கிடையாது. சோர்ந்து மூழ்கும்வரை விடுவார்கள், மூழ்கியதும் தூக்கி உயிர்ப்பிப்பார்கள், எத்தனை நேரம் தாங்கியது என்று விநாடிக் கணக்கில் குறிப்பார்கள், சில நாள் கழித்து மறுபடி தண்ணீரில் போடுவார்கள். டாக்டர் பாய்காட்டும் இளைய ஆய்வாளர் ஸ்டீபன் பாவெலும் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். குரலை உயர்த்துவதில்லை. நாயைத் திட்டுவதுமில்லை. வேலை நேரத்தில் இருவர் பேசுகிற சாதாரணப் பேச்சு அது. அந்தச் சாதாரணம்தான் பயமுறுத்துகிறது.

இன்னொரு நாய் ஸ்னிட்டர், ஃபாக்ஸ் டெரியர். எண் 815. மூளையில் அறுவை செய்யப்பட்டு, தனக்குள் நடப்பதற்கும் வெளியே நடப்பதற்கும் வேறுபாடு தெரியாத நிலைக்குத் தள்ளப்பட்ட நாய். தலையில் ஒட்டுப்போட்ட கட்டு. அதற்கு முன்னால் ஆலன் வுட் என்ற வழக்கறிஞரின் வீட்டில் செல்லமாக வளர்ந்தது. எஜமானர் லாரியில் அடிபட்டார். அவருடைய சகோதரி நாயை நிலையத்துக்கு விற்றுவிட்டார். ஒரு நாள் கூண்டுப் பொறுப்பாளர் டைசன் கதவுத் தாழை ஒழுங்காகப் போடாமல் போகிறார். இரண்டு நாய்களும் இருட்டில் கட்டடம் கட்டடமாக அலைந்து, செத்த விலங்குகளை எரிக்கும் உலையின் வழியாக வெளியேறுகின்றன.

இதுவரை சொன்னது எந்த எழுத்தாளருக்கும் எட்டக்கூடிய கதை. ஆடம்ஸின் உண்மையான கண்டுபிடிப்பு இதற்குப் பிறகு வருகிறது. தங்கள்மேல் குற்றம் செய்யப்பட்டது என்று இந்த இரண்டு நாய்களுக்குமே தெரியாது. இரண்டும் தங்களையே குற்றவாளியாக நினைக்கின்றன. வெள்ளை அங்கிக்காரர்கள் தன்னிடம் எதையோ எதிர்பார்த்தார்கள், தொட்டியில் அதைத் தன்னால் சரியாகச் செய்ய முடியவில்லை, தான் கெட்ட நாய், ஓடிவந்ததால் இன்னும் கெட்ட நாய் என்று ரௌஃப் நம்புகிறது. தான் சாலைக்குள் ஓடியதால்தான் எஜமானர் லாரியில் அடிபட்டார், தான்தான் அவரைக் கொன்றது என்று ஸ்னிட்டர் நம்புகிறது. மலையில் பசியோடும் குளிரோடும் அலையும்போதும் அவற்றைத் துரத்துவது மனிதர்கள் மட்டுமல்ல, இந்தக் குற்ற உணர்வும்தான். பாதிக்கப்பட்டவரே ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருக்கும் ஒரு வழக்கு இது. குற்றப் புனைவில் இதற்கு இணையாக நான் அதிகம் படித்ததில்லை.

இது வெறும் இலக்கியக் கற்பனையும் இல்லை. 1967-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களுக்குத் தப்பமுடியாத மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு தாண்டிக் குதித்தால் தப்பிக்கலாம் என்ற நிலையிலும் அவற்றில் பல குதிக்காமல் படுத்துக் கிடந்தன. அதற்குப் பத்தாண்டு முன்பு கர்ட் ரிக்டர் எலிகளைத் தண்ணீரில் விட்டு எத்தனை நேரம் நீந்துகின்றன என்று அளந்தார். இடையில் சிறிது காப்பாற்றி மறுபடி விட்டால் அதிக நேரம் நீந்தின. ரௌஃபின் தொட்டியைப் படிக்கும்போது இந்த இரண்டு ஆய்வுகளும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. ஆய்வறிக்கையில் வருவது எண். அந்த எண்ணுக்குள் இருந்த உயிர் தனக்கு நேர்ந்ததை எப்படி விளங்கிக்கொண்டிருக்கும் என்று கேட்க அறிக்கைக்கு இடமில்லை, நாவலுக்கு இடமுண்டு. ஆடம்ஸ் கேட்கிறார். அவர் கொடுக்கும் பதில் அன்போடு மனிதனை அண்டிவாழ்ந்த ஒரு மிருகத்துக்குப் பொருந்தும் பதில்: எஜமானர்கள் தவறு செய்யமாட்டார்கள், ஆகவே தவறு என்னுடையது.

அடுத்து மரணங்கள். நாய்கள் ஒரு நரியோடு கூட்டுச் சேர்ந்து ஆடுகளைக் கொல்கின்றன, விவசாயிகள் கோபமடைகிறார்கள், வேட்டைக்குழு கிளம்புகிறது. குழுவைச் சேர்ந்த எஃப்ரைம் என்ற வணிகர் தனியாக நிற்கும்போது ஸ்னிட்டரைக் காண்கிறார். தலையில் கட்டோடு நடுங்கி நிற்கும் அந்தச் சின்ன நாயைச் சுட அவருக்கு மனம் வரவில்லை. அன்பாகக் கூப்பிடுகிறார். காருக்கு வா என்கிறார். ஸ்னிட்டர் இத்தனை நாள் ஏங்கிக் காத்திருந்த குரல் அது. ஓடிப்போய் அவர்மேல் தாவுகிறது. பாதம் துப்பாக்கி விசையில் படுகிறது. எஃப்ரைம் செத்து விழுகிறார்.

நாவலின் மிகச் சிறந்த அத்தியாயம் இதுதான். நாய்கள்மேல் இரக்கம் காட்டிய முதல் மனிதர், அந்த இரக்கத்தின் காரணமாகவே சாகிறார். ஸ்னிட்டரின் பொய்யான குற்ற உணர்வுக்கு இப்போது உண்மையான ஒரு உடல் கிடைத்துவிட்டது. தான் நெருங்கினால் மனிதர்கள் சாவார்கள் என்று அது நினைத்தது சரி என்று உலகமே சாட்சி சொல்கிறது. ஊரார் பார்வையில் அது கொலைகார நாய். இங்கே வஞ்சம் இல்லை, திட்டம் இல்லை, அலட்சியம்கூட இல்லை. வாசகர் மட்டுமே முழு உண்மையும் தெரிந்த சாட்சி, அவரை எந்த விசாரணைக்கும் அழைக்க முடியாது. துப்பறியும் நாவல் தன் வாசகரிடம் உண்மையைக் கடைசிவரை மறைத்து வைக்கும். ஆடம்ஸ் முதலிலேயே கையில் கொடுத்துவிட்டு, அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாத நிலையில் நம்மை நிறுத்துகிறார். அந்த இயலாமை கிட்டத்தட்ட தொட்டிக்குள் இருப்பதுபோல் இருக்கிறது.

பிறகு வெஸ்ட்காட். வங்கி ஊழியர், தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கியோடு நாய்களைத் தனியாகத் தேடிப்போகிறவர், செங்குத்துப் பாறையிலிருந்து தவறி விழுந்து இறக்கிறார். பட்டினியின் விளிம்பில் இருக்கும் நாய்கள் அந்த உடலைத் தின்கின்றன. ஆடம்ஸ் இதை மழுப்பவில்லை. நாய்கள்மேல் நமக்குள்ள பரிவைப் பணயம் வைத்து எழுதுகிறார். குழந்தைகளுக்கான முயல் கதை எழுதியவர் என்ற பெயரை இந்தப் பக்கங்களில் துணிந்து தொலைத்துவிடுகிறார். அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன்.

நாவலின் துப்பறிபவர் டிக்பி டிரைவர், லண்டன் பரபரப்பு இதழொன்றின் நிருபர். அவருக்கு உண்மையைவிடச் செய்தி முக்கியம். ஆய்வு நிலையத்தில் பிளேக் பற்றிய ரகசிய ஆராய்ச்சி நடக்கிறது என்று மோப்பம் பிடிக்கிறார். நாய்களுக்கு நோய் தொற்றியிருப்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. இருந்தாலும் தொற்றியிருக்கலாம் என்ற ஒற்றை ஊகத்தை நாடெங்கும் பரப்புகிறார். அன்றிலிருந்து அவை பிளேக் நாய்கள். நிலையம் சரியான நேரத்தில் வாயைத் திறந்திருந்தால் இது நடந்திருக்காது. ஆனால் யார் அறிக்கை விடுவது, என்ன சொல்வது, எந்த அமைச்சகத்தைக் கேட்பது என்று கோப்பு சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் ராணுவம் வருகிறது. ஆடம்ஸ் பல ஆண்டுகள் பிரிட்டிஷ் அரசுத் துறையில் அதிகாரியாக இருந்தவர், 1974-இல்தான் வேலையை விட்டார். கோப்புகளின் மொழி அவருக்குத் தெரியும். ஒருவரும் பொய் சொல்லாமலே ஒரு பொய் எப்படி நாடாளுமன்றம்வரை போய்ச் சேருகிறது என்பதை அவர் காட்டும் பகுதிகள் துல்லியமானவை.

பத்திரிகை இந்த விவகாரத்தில் எப்போதும் கெடுதலே செய்தது என்றும் சொல்லமுடியாது. 1975-இல் மேரி பீத் என்ற நிருபர் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, பீகிள் நாய்கள் முகமூடி வழியாகப் புகை இழுக்கவைக்கப்படுவதைப் படமெடுத்து ‘தி பீப்பிள்’ இதழில் வெளியிட்டார். பிரிட்டனே அதிர்ந்தது. அதே ஆண்டில் பீட்டர் சிங்கரின் ‘அனிமல் லிபரேஷன்’ நூலும் ரிச்சர்ட் ரைடரின் ‘விக்டிம்ஸ் ஆஃப் சயின்ஸ்’ நூலும் வந்தன. ஆடம்ஸின் நாவல் அந்த நேரத்து நெருப்பில் எழுதப்பட்டது. பின்னாளில் பிரிட்டனின் விலங்கு வதைத் தடுப்புச் சங்கமான ஆர்.எஸ்.பி.சி.ஏ.வுக்கு அவர் தலைவராகவும் இருந்தார்.

நெருப்பு நாவலுக்குப் பலம் தந்த அளவுக்குச் சேதமும் செய்திருக்கிறது. என் பெரிய குறை இங்கேதான்.

தொட்டிக் காட்சியின் வலிமை அங்கே வெறுப்பு இல்லாததில் இருக்கிறது என்றேன். கொலைக்கதைக்கு உள்நோக்கம் தேவை: பணம், பழி, காமம், பயம். லாசன் பார்க்கில் நடப்பதற்கு அப்படி எதுவும் கிடையாது. ஒரு மானியம், ஒரு அட்டவணை, ஒரு மேலதிகாரியின் கையெழுத்து, அவ்வளவுதான். உள்நோக்கம் இல்லாத குற்றத்தை எழுத முயன்ற நாவல் என்ற வகையில் இதற்குப் பெரிய வாய்ப்பு இருந்தது. ஆடம்ஸ் அந்த வாய்ப்பைத் தானே கெடுத்துக்கொள்கிறார். நிலையத்துக்கு அவர் வைத்த பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஆங்கிலத்தில் ஒரு கொச்சை வசை வருகிறது. பிளேக் ஆராய்ச்சி செய்யும் டாக்டர் குட்னருக்கு நாஜி ஜெர்மனியில் ஒரு கடந்தகாலம் கொடுத்துவிடுகிறார். அந்த ஒரு முடிவு நாவலின் மையத்தையே பெயர்த்துவிடுகிறது. பயங்கரம் எங்கோ வெளியிலிருந்து, ஏற்கெனவே கொடியவன் என்று முத்திரை விழுந்த ஒருவனோடு வந்ததாக ஆகிவிடுகிறது. நல்ல வீட்டில் வளர்ந்த, சட்டத்தை மதிக்கிற, மாலையில் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு விளையாடுகிற பாய்காட்டுகள் எப்படித் தொட்டி முன்னால் நிற்கிறார்கள் என்ற கேள்வி அல்லவா நம்மைக் குடைந்திருக்கவேண்டும்? குட்னர் வந்ததும் அந்தக் கேள்விக்குச் சுலபமான பதில் கிடைத்துவிடுகிறது. குற்றக்கதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் செய்கிற பிழை இது: வில்லன் கிடைத்ததும் விசாரணை நின்றுவிடும்.

எதிர்த்தரப்பு வாதமும் நாவலில் பலவீனமாகவே வருகிறது. 1921 கோடையில் டொரான்டோவில் பேன்டிங்கும் பெஸ்டும் நாய்களின் கணையத்தை அகற்றி அவற்றுக்கு நீரிழிவை உண்டாக்கினார்கள், கணையச் சாற்றை ஏற்றிப் பார்த்தார்கள். நாய்கள் பல செத்தன. 1922 ஜனவரியில் சாகக் கிடந்த 14 வயதுப் பையன் ஒருவனுக்கு அந்தச் சாறு செலுத்தப்பட்டது. சுத்திகரித்துச் செலுத்திய அடுத்த ஊசியில் அவன் தேறினான். இன்று இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒவ்வொருவரும் அந்த நாய்களுக்குக் கடன்பட்டவர். விலங்குப் பரிசோதனையை எதிர்க்கும் நாவல் இந்த உண்மையைத் தன் பக்கங்களுக்குள் முழுப் பலத்தோடு வரவிடவேண்டும். வரவிட்டு, அதற்குப் பிறகும் ரௌஃபின் தொட்டி தவறு என்று நம்மை உணரவைக்கவேண்டும். லாசன் பார்க்கில் நடக்கும் ஆய்வுகளில் பெரும்பாலானவை பயனற்றவை, அபத்தமானவை என்று ஆடம்ஸ் முன்கூட்டியே அமைத்துவிடுவதால், பயனுள்ள ஆய்வில் சாகும் நாயைப் பற்றி அவர் வாயே திறக்கவேண்டியதில்லாமல் போகிறது. தராசின் ஒரு தட்டில் கை வைத்துக்கொண்டு எடை போட்டால் வரும் எடையை யார் நம்புவார்?

அந்த மலையிலேயே அவருக்கு வேறொரு முன்மாதிரி இருந்தது என்பதுதான் என் ஆதங்கம். லாசன் பார்க்குக்குக் கீழே, அதே ஏரிக்கரையில், பிராண்ட்வுட் என்ற வீடு இருக்கிறது. ஜான் ரஸ்கின் 1872 முதல் 1900-இல் இறக்கும்வரை வாழ்ந்த வீடு. உயிருள்ள விலங்குகளை அறுத்து ஆராயும் உடலியல் கூடத்துக்கு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1885-இல் நிதி ஒதுக்கி வாக்களித்தபோது, ரஸ்கின் தம் பேராசிரியர் பதவியை விட்டு விலகினார். அங்கே அவருக்கு எதிரே நின்றவர்கள் கொடியவர்கள் இல்லை. கற்றறிந்த சக ஆசிரியர்கள், நோய்களைத் தீர்க்கவேண்டும் என்ற உண்மையான விருப்பம் உள்ளவர்கள். நல்லவர்களோடு கருத்து வேறுபட்டு விலகுவது வில்லனோடு மோதுவதைவிடக் கடினம். அந்தக் கடினமான நாவலை ஆடம்ஸ் எழுதவில்லை.

எழுதத் தொடங்கினார் என்று சொல்வது நியாயமாக இருக்கும். அதற்குச் சாட்சி பாவெல். தொட்டிக்குப் பக்கத்தில் நின்று விநாடி எண்ணிய இளைஞர் அவர்தான். நிலையத்தில் ஒரு குரங்கை வெளிச்சமும் ஓசையும் புகாத உருளைக்குள் தனிமையில் அடைத்திருக்கிறார்கள். அது உள்ளே எத்தனை நாள் இருக்கிறது என்று ஒரு பலகையில் சாக்பீஸால் நாள்தோறும் எண் மாற்றி எழுதப்படுகிறது. அத்தியாயங்களுக்கு இடையே அந்த எண் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. பாவெலுக்குத் தன் மேலதிகாரிகள் தன்னை மெச்சவேண்டும் என்ற ஆசை உண்டு. வீட்டில் தீராத நோயோடு ஒரு சிறு மகளும் உண்டு. அவளைக் காப்பாற்றும் மருந்து ஏதோ ஒரு கூண்டின் வழியாகத்தான் வரவேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். கடைசியில் அவர் அந்தக் குரங்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். ஏன் என்று மனைவிக்குக்கூட அவரால் தெளிவாக விளக்க முடிவதில்லை. நோயுற்ற மகளும் மீட்கப்பட்ட குரங்கும் ஒரே கூரையின் கீழ்: நாவல் முழுக்க விவாதித்தும் சொல்லமுடியாத சிக்கல் இந்தச் சில பக்கங்களில் முழுசாக இருக்கிறது. ஆடம்ஸ் பாவெலை நாவலின் நடுவில் வைத்திருந்தால் குட்னரின் தேவையே வந்திருக்காது.

மற்றக் குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புத்தகம் நீளம். காவிய நடையைப் போலி செய்யும் வருணனைகள் அடிக்கடி வந்து கதையின் கழுத்தைப் பிடிக்கின்றன. நரி பேசும் வட இங்கிலாந்தின் டைன்சைடு வட்டார வழக்கு ஆங்கிலேயர்களுக்கே கடினம். ஆனால் அந்த நரியின் பாத்திரம் அருமை: நாய்களுக்கு எஜமானர் ஏக்கம், நரிக்கு அந்த ஏக்கத்தின் அர்த்தமே புரியாது, இந்த வேறுபாட்டில் நல்ல வேடிக்கையும் துயரமும் கிடைக்கின்றன. ஏரி மாவட்டத்தின் ஒவ்வொரு குன்றையும் நடந்து படம் வரைந்த ஆல்ஃபிரட் வெயின்ரைட்டின் கோட்டோவியங்களும் வரைபடங்களும் நூலில் உள்ளன. நாய்கள் எந்தச் சரிவில் ஏறி எந்த ஓடையைக் கடந்தன என்று விரல் வைத்துத் தொடரலாம். குற்றக்கதைக்கு நிலத்தின் நிச்சயம் வேண்டும். இதில் அது உண்டு.

இனி முடிவு. இதைப் பற்றித்தான் அதிகம் சண்டை நடந்திருக்கிறது. ராணுவம் நெருங்க, நாய்கள் கடற்கரைக்கு விரட்டப்பட்டு, நாய்களுக்கென ஒரு தீவு இருக்கிறது என்ற நம்பிக்கையில் கடலுக்குள் நீந்துகின்றன. அங்கே கதையை நிறுத்திவிட்டு, வாசகரும் ஆசிரியரும் செய்யுளில் பேசிக்கொள்ளும் ஒரு உரையாடலை நுழைக்கிறார் ஆடம்ஸ். வாசகர் மன்றாட, ஆசிரியர் இறங்கிவருகிறார். படகில் பீட்டர் ஸ்காட்டும் ரொனால்ட் லாக்லியும் வந்து நாய்களைத் தூக்கிக்கொள்கிறார்கள். இருவரும் உண்மையான மனிதர்கள், அக்காலத்தின் பேர்பெற்ற இயற்கையியலாளர்கள். லாக்லி முயல்களைப் பற்றி எழுதிய ஆய்வுநூல்தான் ‘வாட்டர்ஷிப் டவுன்’ நாவலுக்குத் துணைநின்றது. கரையில் காத்திருப்பவர் ஆலன் வுட். அவர் சாகவில்லை, இத்தனை நாளும் மருத்துவமனையில் இருந்தார். அவரைக் கூட்டிவந்ததும் அதே டிக்பி டிரைவர்தான். மார்ட்டின் ரோசன் 1982-இல் எடுத்த அசைவூட்டத் திரைப்படம் இதையெல்லாம் விட்டுவிட்டு, பனிமூட்டத்துக்குள் நாய்கள் நீந்துவதோடு முடிகிறது. பலரும் அதுவே நேர்மையான முடிவு என்கிறார்கள்.

நான் அவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்ளமாட்டேன். குற்றக்கதையாக இதை வாசித்தால், ஆலன் வுட் உயிரோடு வருவது ஆறுதல் பரிசு ஆகாது. நாவலின் ஒரே உண்மையான மர்மம் அங்கேதான் அவிழ்கிறது. ஸ்னிட்டர் தன்மேல் சுமத்திக்கொண்ட கொலை நடக்கவே இல்லை. கொலையுண்டவராக நினைத்தவரே நேரில் வந்து அதை விடுவிக்கிறார். இது திடீரென்று வானத்திலிருந்து விழுந்ததும் அல்ல. விபத்து ஸ்னிட்டரின் சிதைந்த நினைவு வழியாக மட்டுமே நமக்கு வந்துகொண்டிருந்தது. அந்த நினைவை நம்பமுடியாது என்று ஆசிரியர் முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிட்டார். துப்பு நம் கண்முன்னேதான் இருந்தது. ஒழுங்காகக் கட்டிய துப்பறியும் கதையின் முடிச்சவிழ்ப்பு இது.

குறை ரௌஃப் விஷயத்தில். அதன் வழக்கு முடித்துவைக்கப்படவே இல்லை. தொட்டியில் தோற்றது அதன் பிழையில்லை என்று யாரும் அதற்குச் சொல்வதில்லை, சொல்லக்கூடிய எந்தச் சம்பவத்தையும் ஆசிரியர் அமைப்பதில்லை. அதற்கும் ஒரு எஜமானர் கிடைக்கிறார், அவ்வளவே. ஸ்னிட்டருக்கு உண்மை கிடைத்தது. ரௌஃபுக்குக் கிடைத்தது அன்பு மட்டும். இரண்டும் ஒன்றல்ல. அதைவிடக் கடினமானது: ரௌஃபின் விடுதலைக்கு, பாய்காட்டோ பாவெலோ யாரோ ஒருவர் அந்த நாயின் முன் நிற்கவேண்டியிருந்தது. படகும் இயற்கையியலாளர்களும் வந்த அவசரத்தில் அந்தச் சந்திப்பு நாவலிலிருந்தே காணாமல் போய்விட்டது.

என் தீர்ப்பைச் சொல்கிறேன். விலங்குப் பரிசோதனைக்கு எதிரான வாதமாக ‘தி பிளேக் டாக்ஸ்’ தோற்றுவிட்டது. ஏற்கெனவே எதிர்ப்பவர்களை அது அழவைக்கும், ஆதரிப்பவர் ஒருவரையும் அசைக்காது, ஏனென்றால் அவருடைய சிறந்த வாதத்தை அது சந்திக்கவே இல்லை. குற்றப்புனைவாக அது வென்றிருக்கிறது. கிட்டத்தட்ட நூறாண்டாக அந்த வகைமை நாயின் உடலைச் சான்றுப் பொருளாக மட்டும் வைத்திருந்தது. ஆடம்ஸ் அதற்கு ஒரு மனச்சாட்சியைக் கொடுத்து, கதையின் எல்லா மரணங்களையும் அந்த மனச்சாட்சியின் வழியாக அளந்திருக்கிறார். தொட்டியும் எஃப்ரைமின் மரணமும் முதல் வரிசை எழுத்து. பத்திரிகை, அமைச்சக அங்கதத்தில் மூன்றிலொரு பங்கை வெட்டலாம். குட்னரை முழுதாக நீக்கலாம். திரைப்படத்தை மட்டும் பார்த்தவர்கள் நாவலைத் தேடிப்பிடித்துப் படிக்கவேண்டும். திரைப்படம் மனிதர்களைப் பெரும்பாலும் முகமில்லாத குரல்களாகவே வைத்திருக்கிறது, ஆகவே அதில் எல்லா மனிதரும் ஒரே அளவு குற்றவாளிகள். நாவலில் பாவெல் இருக்கிறார். விநாடி எண்ணிய அதே கை குரங்கைத் தூக்கிக்கொண்டு போகும் பக்கங்களுக்காக, மற்ற எல்லாப் பிழைகளோடும் இந்தப் புத்தகத்தை நான் சிபாரிசு செய்கிறேன்.